மிளகு மில்லுக்கு ஓட்டை போடப் போய் நான் பட்ட பாடு

லேத்தில் மரத்தைச் சுற்றவிட்டு உளியால் வடிவம் எடுக்கும் மரக் கடைசலைப் பழகுகிறவர்களிடம் உளியைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். குழிவான கூஜ் உளியை எப்படிச் சாணை பிடிப்பது, சாய்ந்த வாய் உள்ள ஸ்கியூ உளி ஏன் திடீரென்று மரத்தை வாரிப் போடுகிறது, எந்த பாலிஷ் நிற்கும், எது நிற்காது என்று எல்லாவற்றுக்கும் சொல்ல ஆள் இருக்கிறது. ஓட்டை போடுவதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. "டெயில் ஸ்டாக்கில் டிரில் சக்கை மாட்டு, கைச்சக்கரத்தைச் சுற்று, ஓட்டை விழுந்துவிடும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். (டெயில் ஸ்டாக் என்பது லேத்தின் ஒரு கோடியில் நகரும் பகுதி. பிட் என்பது துளைக்கும் அலகு, டிரில் சக் அதைக் கவ்வும் பிடி.) அந்த ஒரு வரியை நம்பி ஆர்டர் எடுத்ததில் எனக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போனது, சில மாதத் தூக்கமும் போனது. இன்னொருவருக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆர்டர் கொல்லிமலையிலிருந்து வந்தது. அங்கே தோட்டம் வைத்திருக்கும் ஒரு அண்ணன், மகள் கல்யாணத்துக்கு வரும் நெருங்கிய சொந்தங்களுக்கு மட்டும் ஒரு மர மிளகு மில்லும், தன் தோட்டத்து மிளகு ஒரு பொட்டலமும் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மில்லும் அவர் தோட்டத்துப் பலா மரத்திலேயே செய்யப்பட வேண்டும். மிளகுக் கொடி ஏறிய மரம், காற்றில் சாய்ந்துவிட்டது, அறுத்து வைத்திருக்கிறேன் என்றார். கேட்டவுடன் எனக்கும் ஆசை வந்துவிட்டது. பலா அருமையான மரம். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் அதைத்தான் தேடுகிறார்கள். அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, வருஷம் போகப் போகத் தேன் நிறத்துக்கும் பழுப்புக்கும் மாறும். கடையக் கடைய உளிக்கு இதமாக வரும். அதுவரை நான் கிண்ணம், மத்து, பம்பரம், மரச் சொப்பு எல்லாம் கடைந்திருந்தேன். நீளமான ஓட்டை தேவைப்பட்ட வேலை எதுவும் வந்ததில்லை.

மிளகு மில்லின் உள்ளமைப்பைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உடம்பு ஒரு துண்டு, தலை ஒரு துண்டு. அரைக்கும் பல் உடம்பின் அடியில் உட்காரும். அங்கிருந்து ஒரு கம்பி உடம்பு வழியாக மேலே போய்த் தலையைத் துளைத்து வெளியே வரும், அதன் மேல் ஒரு திருகு. பல், கம்பி, திருகு எல்லாம் சேர்ந்து மெக்கானிசம் என்று கடையில் கிடைக்கும். நான் வாங்கிய மெக்கானிசத்துக்கு அடியில் 41 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம், அதற்கு மேல் உடம்பு முழுக்க 27 மில்லிமீட்டர் ஓட்டை, தலையில் 7 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் உடம்பு எட்டு அங்குல உயரம். அத்தனை ஆழத்துக்கு மரத்தின் நீளவாக்கில், நாரை நேர்முகமாக வெட்டிக்கொண்டு பிட் உள்ளே போக வேண்டும். மரவேலையில் பிட்டுக்கு இதைவிடக் கஷ்டமான திசை கிடையாது. பலகையின் முகத்தில் ஓட்டை போடும்போது நார் படுத்திருக்கும், பிட் அதைச் சீவி எடுத்துவிடும். நீளவாக்கில் போடும்போது ஒவ்வொரு நாரும் பிட்டை எதிர்த்து நிற்கும். கொஞ்சம் மொக்கையான பிட் என்றாலும் வெட்டாமல் தேய்க்க ஆரம்பித்துவிடும்.

முதல் அடி மரத்திலேயே விழுந்தது. அறுத்து வந்த துண்டுகள் வெளியே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தன. வெளியே வடிவம் கொடுத்து, உடம்புக்கு வேண்டிய 27 மில்லிமீட்டர் ஓட்டையைப் போட்டு, வரிசையாக அலமாரியில் வைத்தேன். சில வாரம் கழித்துத் தலையைப் பொருத்தப் பார்த்தால் ஒன்றுமே சுற்றவில்லை. வெர்னியர் அளவியை வைத்து அளந்தேன். ஒரு பக்கம் 27, குறுக்கே 26 சொச்சம். வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போய்விட்டது. மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கிலேயே அதிகம் சுருங்கும், வளையத்துக்குக் குறுக்கே அதில் பாதி அளவுக்குத்தான் சுருங்கும். அதனால் பச்சை மரத்தில் போட்ட எந்த வட்டமும் வட்டமாக நிற்காது. இரண்டு துண்டுகள் நெடுகப் பிளந்தே போயின. அவற்றில் மரத்தின் நட்ட நடுப் புள்ளி உள்ளே இருந்தது. அந்தப் புள்ளி உள்ள துண்டு கிட்டத்தட்ட உறுதியாக வெடிக்கும், அறுக்கும்போதே அதை ஒதுக்கிவிட வேண்டும்.

ஆகவே, யாராவது தோட்டத்து மரம் என்று கொண்டு வந்தால் முதலில் சமையல் தராசில் வைத்து எடை பாருங்கள். ஒவ்வொரு துண்டிலும் தேதியையும் எடையையும் பென்சிலால் எழுதுங்கள். வாரம் ஒரு முறை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றால்தான் மரம் காய்ந்தது. கையால் தொட்டுப் பார்ப்பதிலும் தட்டிக் கேட்பதிலும் நம்பிக்கை வைக்காதீர்கள். அவசரம் என்றால் ஒரு வழி இருக்கிறது. தேவையான அளவைவிடச் சிறிதாக, 27 வேண்டுமென்றால் 20 மில்லிமீட்டர் அளவில், ஒரு ஓட்டையை முன்கூட்டியே போட்டு, இரண்டு வெட்டுமுகத்திலும் மெழுகு பூசி வைக்கலாம். உள்ளிருந்தும் காற்றுப் படுவதால் சீக்கிரம் காயும், வெடிப்பும் குறையும். காய்ந்த பிறகு 27-க்குப் பெரிதாக்க வேண்டும். அப்போது பிட்டின் நடுமுனைக்குப் பிடிமானம் இருக்காது. அதற்கு, இருக்கும் ஓட்டையில் ஒரு மரக்கட்டையை இறுக்கமாகக் கடைந்து அடைத்துவிட்டு, அந்தக் கட்டையின் நடுவில் முனையை வைத்துப் புதிதாக ஓட்டை போடுவதுபோல் போட வேண்டும். கட்டை முழுக்கத் தூளாகி வெளியே வந்துவிடும்.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. மிச்சமிருந்த தோட்டத்து மரத்தைக் காயப் போட்டுவிட்டு, பழகிப் பார்க்க மர டிப்போவில் காய்ந்த பலா 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். இனி மரத்தின் பிரச்சினை இல்லை, வேலை ஓடிவிடும் என்று நினைத்தேன். பிரச்சினை பிட்டில் காத்திருந்தது.

இணையத்தில் 1,800 ரூபாய்க்கு ஒரு பெட்டி நிறைய ஃபார்ஸ்ட்னர் பிட் வாங்கியிருந்தேன். ஃபார்ஸ்ட்னர் என்பது நடுவில் குட்டையான முனை, சுற்றிலும் வெட்டும் விளிம்பு, நடுவில் மரத்தைச் சீவித் தூக்கும் இரண்டு தட்டை அலகு கொண்ட பிட். சுற்று விளிம்புதான் அதை வழி நடத்துகிறது, அதனால் ஓட்டையின் சுவர் வழுவழுப்பாக வரும். என் பெட்டியில் இருந்தவை காய்ந்த பலாவின் முதல் துண்டில் அழகாகச் சுருள் தள்ளின. அடுத்ததில் சுருள் சிறுத்தது. அதற்கடுத்து மாவு மாதிரித் தூள்தான் வந்தது, கூடவே பலா கருகும் வாசம். வெளியே எடுத்துப் பார்த்தால் விளிம்பு நீலம் பாய்ந்திருந்தது. சாதாரண கார்பன் ஸ்டீலில் செய்த பிட் அந்த நீலம் கண்டுவிட்டால் அதன் பதம் போய்விட்டது என்று பொருள். அதற்கப்புறம் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. ஓட்டையின் உள்ளே விளக்கடித்துப் பார்த்தேன். சுவர் கறுத்து, அதில் மயிரிழை வெடிப்புகள் வெட்டுமுகத்திலிருந்து உள்ளே ஓடியிருந்தன. கருகிய இடத்தில் மரம் திடீரென்று காய்ந்து சுருங்குவதால் வரும் வெடிப்பு அது. அந்தத் துண்டை வெளியே எவ்வளவு அழகாகக் கடைந்தாலும் ஒரு வெயில் காலம் தாங்காது.

வெளியே வரும் தூளைப் பாருங்கள் என்றுதான் நான் இப்போது எல்லோருக்கும் சொல்வேன். சுருளாகவோ செதிலாகவோ வந்தால் பிட் வெட்டுகிறது. மாவாக வந்தால் தேய்க்கிறது. புகை வரும் வரை காத்திருந்தால் பிட்டும் போச்சு, மரமும் போச்சு. வேகத்தையும் குறைத்தே ஆக வேண்டும். கடையும்போது நிமிஷத்துக்கு 1,500 சுற்று, 2,000 சுற்று என்று ஓட்டிப் பழகிய கைக்கு இது பொறுமையைச் சோதிக்கும். 27 மில்லிமீட்டர் பிட்டுக்கு 500-க்கு மேல் நான் போவதில்லை. 41-க்கு 350 சுற்றுப் போதும். பெரிய பிட்டின் விளிம்பு ஒரே சுற்றில் அதிக தூரம் பயணிக்கிறது, அதனால் சீக்கிரம் சூடாகிறது. 7 மில்லிமீட்டர் பிட் 1,000 சுற்றைத் தாங்கும்.

ஆனால் வேகத்தைவிடப் பெரிய விஷயம், தூளை வெளியேற்றுவது. ஃபார்ஸ்ட்னர் பிட்டில் சாதாரண டிரில் பிட் மாதிரித் தூள் ஏறி வர முறுக்குப் பள்ளம் கிடையாது. வெட்டிய சுருள் அதன் முதுகுப் பக்கம் சேர்ந்துகொண்டே போகும். கொஞ்ச ஆழம் போனதும் அது இறுகி, பிட்டை உள்ளேயே பூட்டிவிடும். எனக்கு நடந்ததும் அதுதான். நாலு அங்குல ஆழத்தில் இருந்தேன். சத்தம் கனமானது. பிட்டை வெளியே இழுக்கலாம் என்று கைச்சக்கரத்தைப் பின்னால் சுற்றினேன். தூளில் சிக்கிய பிட் வரவில்லை. அதற்குப் பதிலாக டிரில் சக் டெயில் ஸ்டாக்கிலிருந்து கழன்று வந்து, மரத்தோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு, என் மணிக்கட்டுக்கு ஒரு சாண் தூரத்தில். ஸ்விட்சைத் தட்டிவிட்டேன். லேத் நின்ற பிறகும் கை நடுங்குவது நிற்கவில்லை. அன்று பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனவள், பல நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன்.

மர லேத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டெயில் ஸ்டாக்கில் டிரில் சக்கைப் பிடித்திருப்பது, சக்கின் பின்னால் உள்ள டேப்பர் என்ற கூம்புத் தண்டின் உராய்வு மட்டுமே. உள்ளே தள்ளும்போது அது இறுகும். வெளியே இழுக்கும்போது அதைப் பிடிக்க எதுவும் இல்லை. அதனால் பிட்டை வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் இடது கையால் சக்கின் உடம்பைப் பிடித்துக்கொண்டே எடுக்க வேண்டும். கையுறை கூடாது, தொங்கும் சட்டைக் கையும் துப்பட்டாவும் கூடாது. லேத் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பிட்டை வெளியே எடுக்க வேண்டும். ஆழத்தில் வைத்து லேத்தை நிறுத்தினால் சூடான மரம் பிட்டைக் கவ்விக்கொள்ளும். ஒரு சென்டிமீட்டர் போனதும் வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டு, பிட்டைத் தொடாமல் அதன் பக்கத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போங்கள். ஆழம் போகப் போக இன்னும் அடிக்கடி எடுக்க வேண்டியிருக்கும். டேப்பரின் பின்முனையில் மரை இருந்து, டெயில் ஸ்டாக் நடுவில் துவாரம் இருந்தால், ஒரு மரைக் கம்பியைப் பின்னாலிருந்து விட்டு முறுக்கிவிடலாம். சக் கழன்று வரவே வராது. கம்பியும் நட்டும் சேர்த்து 150 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

திரும்பப் பட்டறைக்குப் போனபோது இன்னொரு புதிர் இருந்தது. 27 மில்லிமீட்டர் பிட்டில் போட்ட ஓட்டை வாயருகே 28-க்கு மேல் இருந்தது, உள்ளே போகப் போகச் சரியாகிவிட்டது. பிட்டையே அளந்தேன், 27 தான். எங்கள் தெருவில், கோயம்புத்தூர் கணபதிப் பக்கம், இரும்பு லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றை நடத்தும் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் மரத்தையே பார்க்கவில்லை. "ஏனுங்க அம்மிணி, டேப்பர உள்ளாற தொடச்சீங்களா?" என்றார். "அதைத் துடைக்கணுங்களா?" என்றேன். பேசாமல் எழுந்து வந்து, டெயில் ஸ்டாக்கின் டேப்பர் குழிக்குள் ஒரு துணியை விரலில் சுற்றி விட்டு எடுத்தார். மரத்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து களிம்பாக வந்தது. அப்புறம் எதிர்ப்பக்கம் மரத்தைச் சுற்ற வைக்கும் ஹெட்ஸ்டாக்கில் ஒரு கூர் முனையும் டெயில் ஸ்டாக்கில் ஒரு கூர் முனையும் மாட்டி, இரண்டையும் நெருக்கி வைத்துக் காட்டினார். இரண்டு ஊசி முனையும் சந்திக்கவில்லை, ஒன்றுக்கொன்று முக்கால் மில்லிமீட்டர் விலகி நின்றது. டெயில் ஸ்டாக்கின் அடிக்கட்டையைத் துடைத்து, ஒரு பக்கம் தள்ளி வைத்துப் பூட்டியதும் முனைகள் முத்தமிட்டன.

அவர் விளக்கியதை நான் எங்கும் படித்ததில்லை. கை டிரில்லில் பிட் சுற்றுகிறது, மரம் சும்மா இருக்கிறது. அங்கே பிட் விலகினால் ஓட்டை இடம் மாறி விழும், அல்லது சாய்ந்து போகும். லேத்தில் மரம் சுற்றுகிறது, பிட் சும்மா இருக்கிறது. இங்கே பிட் மையத்திலிருந்து விலகி நின்றால் ஓட்டை இடம் மாறாது, பெரிதாகும். அதனால்தான் வாய் மட்டும் அகன்று, உள்ளே மரமே பிட்டை நேராக்கிக்கொண்டது. இதைக் கண்டுபிடிக்கத் துல்லியமான கருவி எதுவும் வேண்டாம். சுற்றும் மரத்தில் பிட்டின் நடுமுனையை மெதுவாகத் தொடவிட்டுப் பாருங்கள். முனை ஒரே புள்ளியாகக் குத்தினால் மையம் சரி. சின்னதாக ஒரு வட்டம் கீறினால் ஓட்டை பெரிதாகத்தான் வரும், அங்கேயே நிறுத்திவிட்டு டேப்பரைத் துடைத்து மையம் பாருங்கள். ஆரம்பிக்கும் முன் ஸ்கியூ உளியின் கூர் முனையால் வெட்டுமுகத்தின் நட்ட நடுவில் ஒரு சிறு குழி கடைந்துகொண்டால், முனை நார் இழுக்கும் பக்கம் ஓடாமல் அதில் போய் உட்காரும்.

எந்த ஓட்டையை முதலில் போடுவது என்பதிலும் எனக்குப் பணம் போயிருக்கிறது. மெக்கானிசத்தோடு வந்த தாளில் 27 முதலிலும் 41 அடுத்தும் எழுதியிருந்தது. அதன்படி 27-ஐப் போட்ட பிறகு 41 பிட்டை வைத்தால், அதன் நடுமுனை வெறும் காற்றில் நிற்கிறது. முனைக்குப் பிடிமானம் இல்லாமல் பிட் ஆடி, அடிப்பள்ளத்தின் விளிம்பைப் பிய்த்துவிட்டது. அந்த விளிம்புதான் மில்லைக் கவிழ்த்தால் முதலில் கண்ணில் படும் இடம். வரிசை எப்போதும் பெரியதிலிருந்து சிறியதற்கு. முதலில் 41, அதன் அடியில் முனை விட்ட குழியிலேயே 27. மெக்கானிசம் கைக்கு வந்ததும் அதை வெர்னியரில் அளந்துவிட்டுத்தான் பிட்டை எடுக்க வேண்டும், தாளில் இருக்கும் எண்ணை நம்பக் கூடாது.

எட்டு அங்குலத்தை ஒரே பக்கத்திலிருந்து போடுவது வீண் வேலை. என் லேத்தில் கைச்சக்கரத்தைச் சுற்றினால் முனை இரண்டரை அங்குலம்தான் முன்னால் வரும். அதற்கு மேல் டெயில் ஸ்டாக்கையே நகர்த்த வேண்டும், பிட்டுக்கு நீட்டிப்புக் கம்பியும் மாட்ட வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகப் போட்டால் நடுவில் சந்தித்துவிடும். இன்னொரு லாபம், பிட் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வெளியே வருவது என்ற பேச்சே இல்லை. இரண்டு வாயும் பிட் உள்ளே நுழையும் வாய்தான், இரண்டும் சுத்தமாக இருக்கும். நடுவில் அரை மில்லிமீட்டர் படி விழுந்தாலும் மிளகுக்கு அது தெரியாது. படி அதற்கு மேல் போகாமல் இருக்க, சதுரக் கட்டையை முதலில் இரண்டு முனைகளுக்கு நடுவே வைத்து உருட்டாகக் கடைந்து, ஹெட்ஸ்டாக்கில் மரத்தைக் கவ்வும் சக் பிடிக்க, இரண்டு தலைப்பிலும் ஒரே மையத்தில் ஒரு கழுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். திருப்பி மாட்டினாலும் மையம் மாறாது.

தலையின் 7 மில்லிமீட்டர் ஓட்டைதான் என் பொறுமையை அதிகம் சோதித்தது. இது மேலே வெளியே தெரியும் ஓட்டை. பிட் வெளியே வரும் இடத்தில் வட்டத்தைச் சுற்றி நார் சிலும்பி, ஒரு பக்கம் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிடும். டேப் ஒட்டினேன், பின்னால் கட்டை வைத்து அழுத்தினேன், மரத்தின் நுண்துளையை அடைக்கும் சாண்டிங் சீலர் பூச்சை ஊறவிட்டேன். ஒவ்வொன்றும் கொஞ்சம் உதவியது, எதுவும் முழுசாகக் காப்பாற்றவில்லை. கடைசியில் வேலை செய்தது இது: தலையின் மேற்பக்கம் ஒரு அங்குலம் மரத்தை வெட்டாமல் கழுத்தாக விட்டுவிடுவது. கீழ்ப்பக்கத்திலிருந்து, தலையின் உயரத்தையும் தாண்டி, அந்தக் கழுத்துக்குள்ளும் அரை அங்குலம் போகும் வரை ஓட்டை போடுவது. பிட் எங்கும் வெளியே வருவதில்லை. பிறகு தலைக்கு வடிவம் கொடுத்து, கடைசியில் கழுத்தை உளியால் வெட்டி எடுக்கும்போது ஓட்டை தானாகத் திறக்கிறது. உளி வெட்டிய விளிம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். மரப் பேனா கடைகிறவர்களும் இதையே செய்யலாம், கட்டையை முக்கால் அங்குலம் நீளமாக விட்டு, கடைசி வரை துளைக்காமல் நிறுத்தி, நுனியை அறுத்துவிட்டால் போதும். இந்த அளவு ஓட்டைக்கு நடுவில் முள்ளும் ஓரத்தில் இரண்டு கூரும் உள்ள பிராட் பாயின்ட் பிட்தான் சரி. இரும்புக்கு வரும் சாதாரண டிரில் பிட் நார் இழுத்த பக்கம் போய்விடும்.

இவ்வளவு கவனித்தும் சில ஓட்டைகள் தலைமயிர் அளவு கோணிப் போயின. பலாவில் நார் அங்கங்கே பின்னிக் கிடக்கும், ஒரு சிறு முடிச்சு போதும். முன்பெல்லாம் அந்தத் துண்டுகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். காரணம், நான் வெளிவடிவத்தை முதலில் கடைந்து முடித்துவிட்டு, அதற்குள் நேராக ஓட்டை போடப் பார்த்தேன். கடைசல் பழகிய எல்லோருக்கும் கை அப்படித்தான் போகும், வடிவம்தானே ஆசை. அதைத் தலைகீழாக மாற்றினேன். உருட்டுக் கட்டையில் எல்லா ஓட்டையையும் முதலில் போட்டு முடிப்பது. பிறகு கழிவு மரத்தில் ஒரு குமிழைக் கடைந்து, 41 மில்லிமீட்டர் பள்ளத்தில் அதை இறுக்கமாகச் செருகி ஹெட்ஸ்டாக் பக்கம் பிடிப்பது. மறுபக்கம் டெயில் ஸ்டாக்கில் ஒரு கூம்பை வைத்து 27 ஓட்டையின் வாயில் அழுத்துவது. இப்போது மரம் தன் வெளிப்பக்கத்தை மையமாக வைத்துச் சுற்றவில்லை, ஓட்டையை மையமாக வைத்துச் சுற்றுகிறது. ஓட்டை எங்கே கோணியிருந்தாலும் வெளிவடிவம் அதைச் சுற்றியே கடையப்படுகிறது. சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் வந்துவிடும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு நான் துண்டுகளைத் தூக்கிப் போடுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. இதை முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த 9,000 ரூபாய் மரத்தில் பாதி இன்று அலமாரியில் இருந்திருக்கும்.

மேஜை விளக்குக்கு ஒயர் போகப் பக்கவாட்டில் போடும் ஓட்டைக்கும் இதே நியாயம்தான். வளைவாகக் கடைந்த பிறகு பிட்டை வைத்தால் வழுக்கும், விளிம்பு பெயரும். கட்டை சதுரமாக இருக்கும்போதே போட்டுவிட்டால் பிறகு உளி மேலே உள்ள சிலும்பலையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும்.

தோட்டத்து மரம் எடை இறங்கி நின்ற பிறகு, மில்களைச் செய்து முடித்தேன். கல்யாணத்துக்குள் எல்லாம் முடியவில்லை. பாதியைக் கல்யாணத்துக்கும் மீதியை மறுவீட்டுக்கும் கொடுத்தேன், தாமதத்துக்காகப் பேசிய தொகையில் 4,000 ரூபாயை நானே குறைத்துக்கொண்டேன். அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை.

தலையை உடம்போடு பொருத்துவதில் ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். தலையின் கீழே உள்ள கழுத்து 27 மில்லிமீட்டர் ஓட்டைக்குள் உட்கார்ந்து சுற்ற வேண்டும். கோயம்புத்தூர் வெயிலில் கச்சிதமாகப் பொருந்திய கழுத்து கொல்லிமலை மழையில் ஊதிப் பிடித்துக்கொள்ளும். முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி விட்டே கடையுங்கள். ஓட்டைக்குள் கெட்டியாக பாலிஷ் அடிக்க வேண்டாம், அந்தச் சிறு இடைவெளியை அது அடைத்துக்கொள்ளும், உரிந்தால் மிளகோடு விழும். 240 நம்பர் உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றி லேத்திலேயே மெதுவாக ஓட்டிவிட்டால் போதும்.

பிட் வாங்கப் போகிறவர்களுக்கு: பெட்டி நிறைய வாங்காதீர்கள். நான் வாங்கிய பெட்டியில் முக்கால்வாசி அளவுகளை இன்றுவரை தொட்டதே இல்லை. உங்கள் மெக்கானிசத்துக்கு எந்த அளவு வேண்டுமோ அதை மட்டும் சூடு தாங்கும் ஹை ஸ்பீட் ஸ்டீலில், விளிம்பில் ரம்பப் பல் உள்ளதாக வாங்குங்கள். நீளவாக்கில் துளைக்க அந்தப் பல்தான் உதவும், வழுவழு விளிம்பு சீக்கிரம் சூடாகும். எனக்கு ஒன்று 1,500 ரூபாயைத் தாண்டியது, ஆனால் அந்த இரண்டு பிட்தான் முழு ஆர்டரையும் முடித்தது. மாடுலர் கிச்சன் கீலுக்காக எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் 35 மில்லிமீட்டர் பிட்டைப் பார்த்து மயங்க வேண்டாம், அது பிளைவுட் பலகையில் அரை அங்குலம் போவதற்குச் செய்தது. தீட்டுவதற்கு 300 ரூபாய் வைர அரம் ஒன்று வேண்டும். விளிம்பின் உட்பக்கத்தையும் தட்டை அலகின் மேல்முகத்தையும் மட்டும் இரண்டு மூன்று இழுப்பு இழுங்கள். வெளிப்பக்கத்தில் அரம் பட்டால் 27 பிட் 27 ஆக இருக்காது.